ஐஸ் ரூம் 120 கன அடி, எத்தனை பார் புடிக்கும்? லிட்டரும் கிலோவும் ஒண்ணா இல்லையா?

முத்துநகர்_பையன்:
வணக்கம் மக்களே. அப்பாவோட போட்டு வழிவலைக்கு (கடல்ல மிதக்கவிட்டு மீன் புடிக்கிற வலை) தங்கு கடல் போறது, அதாவது நாள் கணக்கா கடல்லயே தங்கி மீன் புடிக்கிறது. இப்ப மீன்பிடி தடைக்காலம்ங்கிறதால ஐஸ் ரூம முழுசா பிரிச்சுப் போட்டு புதுசா பஃப் (சூடு உள்ள வராம தடுக்கிற நுரை) அடிச்சு கட்டிக்கிட்டு இருக்கோம். உள்ளளவு 6 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரம், ஆக 120 கன அடி. மேஸ்திரி என்ன சொல்றாருன்னா ஒரு கன அடி 28.3 லிட்டர், 120க்கு 3400 லிட்டர், ஒரு லிட்டர் ஒரு கிலோ, அப்ப 3.4 டன் ஐஸ், 50 கிலோ பார்ல (பார்னா பிளாண்ட்ல வார்த்த ஐஸ் கட்டி) 68 பார் உக்காரும்னு அடிச்சு சொல்றாரு. அப்பா சிரிக்கிறாரு. பழைய ரூமும் கிட்டத்தட்ட இதே அளவுதான், அதுல 45க்கு மேல என்னைக்குமே போனதில்லைங்கிறாரு. ரெண்டு பேருமே கணக்குல கெட்டி. 68க்கும் 45க்கும் நடுவுல 23 பார் எங்கய்யா போச்சு? யாராவது தெளிவா சொல்லுங்க, நான் பாட்டுக்கு ஐஸ் பிளாண்ட்ல 68 சொல்லிட்டு ஜெட்டில (போட்டு கட்டுற துறை) வச்சுக்கிட்டு முழிக்கக்கூடாது.

பௌதீக_வாத்தி:
தம்பி, மேஸ்திரி கணக்கு தண்ணிக்கு சரி, ஐஸுக்கு சரியில்ல. ஒரு லிட்டர் ஒரு கிலோங்கிறது தண்ணிக்கு மட்டும்தான், அதுவும் 4 டிகிரில இருக்கும்போதுதான் ரொம்ப நெருக்கமா சரி. ஐஸ் 0 டிகிரில ஒரு லிட்டருக்கு 917 கிராம்தான் வரும். உறையும்போது மூலக்கூறெல்லாம் ஆறு மூலைக் கூண்டு மாதிரி கைகோத்துக்கிட்டு நடுவுல இடம் விட்டு நிக்குது, அதனாலதான் அதே எடைக்கு இடம் ஜாஸ்தி. மிதக்கிறதும் அதனாலதான். அப்ப 3398 லிட்டர் × 0.917 = 3116 கிலோ, 50ஆல வகுத்தா 62 பார். ஆறு பார் இங்கயே போயிருச்சு பாருங்க.

கணக்குப்புலி:
ஐஸ் ஆகும்போது 9 சதவீதம் உப்பும், எல்லா புக்லயும் இருக்கு. அப்ப 9 சதவீதம் கழிக்கணும். 3398ல 9% கழிச்சா 3092. வாத்தி 3116ங்கிறாரு. எது சரி?

பௌதீக_வாத்தி:
3116தான். 9 சதவீதம்ங்கிறது தண்ணில இருந்து ஐஸுக்குப் போகும்போது. 100 லிட்டர் தண்ணி உறைஞ்சா 109 லிட்டர் ஐஸ். திரும்பி வரும்போது 109 லிட்டர் ஐஸ்தான் 100 லிட்டர் ஆகுது, அதாவது 109ல 9 குறையுது, அது 8.3 சதவீதம். ஒரு சட்டையை 1000ல இருந்து 10% ஏத்தி 1100 ஆக்கிட்டு அப்புறம் அந்த 1100ல 10% தள்ளுபடி குடுத்தா 990தானே வருது, 1000 வராதே, அதே சங்கதி. சதவீதத்தை மனப்பாடம் பண்றதை விட்டுட்டு 0.917ங்கிற ஒரே ஒரு நம்பரை வச்சுக்கோங்க. ஐஸ் லிட்டரை அதால பெருக்கினா கிலோ, கிலோவை அதால வகுத்தா ஐஸ் லிட்டர், அவ்ளோதான்.

சும்மா_வந்தேன்:
அரை பார் வித்தியாசத்துக்கு இவ்ளோ சண்டையா 😄 அதுக்குள்ள அது உருகியே போயிருக்கும்

ஐஸ்_பிளாண்ட்_அண்ணாச்சி:
நான் ரொம்ப காலம் ஐஸ் பிளாண்ட்ல ஆபரேட்டரா இருந்தவன், இப்ப வேலைய விட்டாச்சு. வாத்தியார் சொன்ன 62 பார் எப்ப வரும்னா, நீங்க ரூம் அளவுக்கு ஒரே ஒரு முழு ஐஸ் கட்டியா ஒரு பொட்டு சந்து இல்லாம வார்த்தாதான் வரும். போட்ல யாரும் அப்படி போடுறதில்ல, பார கிரஷர்ல விட்டு குழாய் வழியா நொறுக்கித்தான் உள்ள கொட்டுறோம். நொறுக்கின ஐஸ்ல கால்வாசிக்குப் பக்கம் காத்து. முழுப் பாரா ஒரு டன்னு ஐஸ்னா 1.09 கன மீட்டர்ல அடங்கிரும், அதையே நொறுக்கிட்டா 1.4ல இருந்து 1.5 கன மீட்டர் கேக்கும். பிளேக் ஐஸ்னு சீவல் சீவலா வருதே அதுக்கு 2.2, 2.3 வரைக்கும் வேணும். எடை எல்லாத்துக்கும் ஒரே டன்னுதான், இடம்தான் ரெண்டு மடங்கு ஆகுது.

தம்பி ரூம் 3.4 கன மீட்டர். 1.5ஆல வகுத்தா 2.27 டன், 45 பார். 1.4ஆல வகுத்தா 2.43 டன், 48 பார். உங்க அப்பா பேனா புடிக்காமலே சரியா சொல்லிருக்காரு, அவருக்கு என் வணக்கத்த சொல்லுங்க.

முத்துநகர்_பையன்:
அண்ணாச்சி அருமை! அப்ப 23 பார்ல 6 பார் ஐஸ் உப்புறதால, மீதி 14, 17 பார் காத்துல. அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன், "இத சொல்ல கம்ப்யூட்டர் வேற"ங்கிறாரு.

இன்னொரு சந்தேகம். பிளாண்ட்ல 50 கிலோ பார்னு சொல்லி குடுக்குறாங்களே, அது நெசமாவே 50 கிலோ இருக்குமா? நாங்க வாங்குற எடத்துல பார் கொஞ்சம் ஒல்லியா இருக்கிற மாதிரியே எனக்கு ஒரு சந்தேகம், தராசு கேட்டா மொறைக்கிறாங்க.

ஐஸ்_பிளாண்ட்_அண்ணாச்சி:
மொறைக்கத்தான் செய்வான் 😂 தராசு வேணாம், டேப் போதும். பார் வார்க்கிற கேன் ஒரே அளவா இருக்காது, மேல அகலமா அடியில குறுகலா இருக்கும், அப்பதான் ஐஸ் வழுக்கி வெளிய வரும். அதனால வாய்ப்பக்கம் அளந்து கணக்கு போட்டா ஜாஸ்தி வரும், அடிப்பக்கம் அளந்தா கம்மி வரும், பாரோட நட்ட நடுவுல அளக்கணும். உதாரணத்துக்கு வாய்ப்பக்கம் 40 × 20 செ.மீ., அடிப்பக்கம் 36 × 17, நீளம் 75னு வைங்க. நடுவுல 38 × 18.5 இருக்கும். 38 × 18.5 × 75 போட்டா 52,725, அதாவது 52.7 லிட்டர். 0.917ஆல பெருக்கினா 48.3 கிலோ. மேஸ்திரி வழியில போனா இதையே 52.7 கிலோன்னு சொல்லி பிளாண்ட்காரன் தர்மப்பிரபு ஆயிருவான்.

சரியா 50 கிலோ பார்னா 54.5 லிட்டர் அளவு இருக்கணும். இத மனசுல வச்சுக்கிட்டு அளந்து பாருங்க.

ஒண்ணு சொல்லிடுறேன், பிளாண்ட்காரன எப்பவுமே திருடன்னு சொல்லிற முடியாது. கேன்ல 50 லிட்டர் தண்ணி ஊத்தினா 50 கிலோ ஐஸ்தான், தண்ணி எங்கயும் போறதில்ல. ஆனா கேன பிரைன் டேங்க்ல (குளிர்ந்த உப்புத்தண்ணி தொட்டி) இருந்து தூக்கி சாதா தண்ணில முக்கித்தான் பார கழட்டுவோம், அதுலயே மேல்தோல் கரையும். அப்புறம் தரையில இழுத்து, லாரில ஏத்தி, வெயில்ல ஜெட்டிக்கு வந்து, கிரஷர்ல நொறுங்கி... ஒவ்வொரு எடத்துலயும் வடியும். சாக்கு போட்டு மூடினாலும் வடியும். நீங்க வாங்குற எடம் பிளாண்ட் வாசலா ஜெட்டியாங்கிறதே ஒரு கணக்கு.

கணக்குப்புலி:
கேன்ல விளிம்பு வரைக்கும் ஊத்துனா என்ன ஆகும் அண்ணாச்சி?

ஐஸ்_பிளாண்ட்_அண்ணாச்சி:
விளிம்பு வரைக்கும் ஊத்தவே மாட்டோம். 50 லிட்டர் தண்ணி 54.5 லிட்டர் ஐஸ் ஆகணும்ல, அந்த நாலரை லிட்டருக்கு மேல இடம் விட்டுத்தான் ஊத்துவோம். இல்லன்னா தண்ணி மேல ஏறி வழிஞ்சு பிரைன்ல விழும், உப்புத்தண்ணி நீத்துப் போகும், உப்புத்தண்ணி நீத்தா உறையுற நேரம் இழுக்கும். பிரைன் மட்டம் ஏறி கேன் உள்ள தெறிச்சா அது இன்னும் மோசம், உப்பு பட்ட எடம் சரியா கட்டாம பொலபொலன்னு வரும்.

பார் நடுவுல வெள்ளையா ஒரு தண்டு ஓடும் பாத்திருப்பீங்க. வெளிப்பக்கம் இருந்து உறைஞ்சு வரும்போது தண்ணில இருக்கிற காத்தும் உப்பும் நடுவுக்கு தள்ளுப்பட்டு அங்க மாட்டிக்கிடும். காத்துக் குழாய் போட்டு கலக்கிவிட்டா கண்ணாடி மாதிரி வரும். அந்த வெள்ளைத் தண்டு பெருசா இருந்தா 917 கூட வராது, கொஞ்சம் கீழ போகும்.

இல்லத்தரசி_இரா:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும், வீட்டு சமாச்சாரம் ஒண்ணு. பிரீசர்ல ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில்ல பையன் நன்னாரி சர்பத் கலந்து நெறைய ஊத்தி மூடி வச்சான், காலைல பாத்தா பாட்டில் ரெண்டா பொளந்து கெடக்கு. எவ்வளவு ஊத்தினா பொளக்காது?

பௌதீக_வாத்தி:
ஒரு லிட்டர் ஐஸுக்கு 917 மில்லி தண்ணிதான் வேணும். பாட்டில்ல கழுத்து வரைக்கும் சேத்து உள்ளளவு ஒரு லிட்டர்னா 900க்கு மேல ஊத்தாதீங்க, 850னா நிம்மதி, ஏன்னா கழுத்துப் பக்கம் முதல்ல உறைஞ்சு அடைச்சுக்கிட்டா கீழ இருக்கிறதுக்கு மேல போக வழி இல்லாம பக்கவாட்டுல தள்ளும். மூடிய இறுக்காம வைங்க. உறையுற தண்ணி இரும்புக் குழாயையே பொளந்துரும், குளிர் நாட்டுல குழாய் வெடிக்கிறதெல்லாம் இதுதான். கண்ணாடி பாட்டிலே வேணாம்னுதான் நான் சொல்லுவேன். சர்பத்துல சர்க்கரை இருக்கிறதால கொஞ்சம் லேட்டாதான் உறையும், ஆனா உறைஞ்சா இதே கதைதான்.

இல்லத்தரசி_இரா:
நன்றி சார். அப்படியே இன்னொண்ணு, ரெசிப்பில ஒரு கப் ஐஸ் கியூப்னு போட்டிருந்தா அது எவ்வளவு தண்ணி?

பௌதீக_வாத்தி:
கியூப் சைஸ், அடுக்கின விதம் ரெண்டையும் பொறுத்து மாறும். அண்ணாச்சி சொன்ன காத்து விஷயம்தான் இங்கயும். கப்பால அளக்காதீங்க, கிச்சன் தராசுல எடை போடுங்க, 150 கிராம் ஐஸ்னா உருகினா 150 மில்லி. தராசு இல்லன்னா உருகவிட்டு அளந்துக்கோங்க.

மேட்டூர்_காத்து:
கன அடின்னதும் எனக்கு டேம்தான் ஞாபகம் வருது. மேட்டூர் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி, அதாவது 2831.7 கோடி லிட்டர், தண்ணிங்கிறதால அப்படியே 2831.7 கோடி கிலோ. 120 அடில நிக்கிற மொத்தத் தண்ணியும் சுமார் 265 கோடி டன் எடை. வாத்தியார் கணக்குப்படி மேட்டூர் முழுசா உறைஞ்சா என்ன ஆகும்?

பௌதீக_வாத்தி:
சுமார் 102 டிஎம்சி ஐஸ் ஆகும், எட்டரை டிஎம்சிக்கு டேம்ல இடம் இருக்காது 😀 எடை மட்டும் அதே 265 கோடி டன்தான்.

சும்மா_வந்தேன்:
அந்த எட்டரை டிஎம்சிக்கும் ரெண்டு மாநிலம் சண்டை போடும்

கணக்குப்புலி:
எனக்கு ஒரு நெருடல். லிட்டர் கிலோ ஒண்ணுன்னு சொல்றோமே, அது தற்செயலா இல்ல வேணும்னே அப்படி வச்சாங்களா?

பௌதீக_வாத்தி:
வேணும்னேதான். பிரான்ஸ்ல 1795ல கிராம்னா ஐஸ் உருகுற வெப்பநிலையில இருக்கிற ஒரு கன சென்டிமீட்டர் தண்ணியோட எடைன்னு சட்டம் போட்டாங்க. அப்புறம் தண்ணி ரொம்ப அடர்த்தியா இருக்கிறது 0ல இல்ல, 4 டிகிரிலன்னு பாத்து, 1799ல கிலோவுக்கு பிளாட்டினத்துல கட்டி செஞ்சப்ப அந்த 4 டிகிரியவே எடுத்துக்கிட்டாங்க. அந்தக் கட்டி தண்ணிக் கணக்கோட மயிரிழை ஒத்துப் போகல. 1901ல லிட்டர்னா 4 டிகிரில ஒரு கிலோ தண்ணி புடிக்கிற இடம்னு மாத்தி வச்சாங்க, அதுல என்ன ஆச்சுன்னா ஒரு லிட்டர் 1000 கன செ.மீ.க்கு பதிலா 1000.028 கன செ.மீ. ஆயிருச்சு. 1964ல அதையும் தூக்கிட்டு லிட்டர்னா சரியா 1000 கன செ.மீ.ன்னு முடிச்சுட்டாங்க. பழைய இங்கிலீஷ் காலன்கூட இப்படி வந்ததுதான், ஒரு காலன் தண்ணி 10 பவுண்டு. அமெரிக்க காலன் வேற, 3.785 லிட்டர், அதுல 8.34 பவுண்டு. யூட்யூப்ல வெளிநாட்டுக்காரன் காலன்னா எந்த காலன்னு பாத்துட்டு பெருக்குங்க.

நம்ம ஊர் வெயிலுக்கு இன்னொரு சங்கதியும் இருக்கு. 30 டிகிரில ஒரு லிட்டர் தண்ணி 995.7 கிராம்தான். மொட்டை மாடில 1000 லிட்டர் சின்டெக்ஸ் நெறஞ்சு நின்னா 1000 கிலோ இல்ல, 996 கிலோவுக்கு கொஞ்சம் கீழ. போர் தண்ணின்னா கரைஞ்ச உப்பு அதுல கொஞ்சத்த திரும்ப ஏத்திவிடும். இதெல்லாம் தராசுக்காரனுக்குத்தான் கவலை, வீட்டுக்கூரைக்கு ஒரு டன்னுதான்.

தெற்குச்_சீமை:
தம்பி முத்துநகர், ஒரு விஷயம் யாரும் சொல்லல. ஐஸ் ரூம்ல ஐஸ் மட்டுமா போகும்? மீனும்தானே போகணும். 45 பார் நெறச்சுட்டா மீன எங்க வைப்ப?

முத்துநகர்_பையன்:
அதான் அடுத்த கேள்வியே. ரூம்ல எவ்வளவு மீன், எவ்வளவு ஐஸ்னு எப்படி பிரிக்கிறது? அப்பா வழக்கம் மீனுக்குச் சமமா ஐஸ். ஆனா 1 டன் மீனுக்கு 1 டன் ஐஸ் நெசமாவே தேவையா?

பௌதீக_வாத்தி:
ஏட்டுக் கணக்கு இப்படி. ஒரு கிலோ ஐஸ் உருகணும்னா 80 கிலோகலோரி வெப்பம் உறிஞ்சணும். மீன் ஒரு கிலோவ ஒரு டிகிரி குளிர வைக்க சுமார் 0.8 கிலோகலோரி எடுக்கணும். 30 டிகிரில கடல்ல இருந்து வந்த மீன 0க்கு கொண்டு போக 24 கிலோகலோரி. 24ஐ 80ஆல வகுத்தா 0.3. அதாவது ஒரு டன் மீன குளிர வைக்க 300 கிலோ ஐஸ், 6 பார் போதும்.

ஐஸ்_பிளாண்ட்_அண்ணாச்சி:
குளிர வைக்க 6 பார் போதும், அப்படியே வச்சிருக்க போதாது வாத்தியாரே. தங்கு கடல்ல நாள் கணக்கா நிக்கணும், வெளிய வெயில், பக்கத்துல என்ஜின் ரூம், மூடிய திறந்து திறந்து மீன் போடுறது, எல்லா சூடும் ஐஸ் தலைலதான். அதுக்குத்தான் சமத்துக்கு சமம். பஃப் நல்லா அடிச்சிருந்தா குறைக்கலாம், ஆனா நான் குறைக்கச் சொல்லி யாருக்கும் சொன்னதில்ல. ஐஸ் மிச்சமானா கொட்டிட்டு வரலாம், மீன் கெட்டா ஏலத்துல நிக்க முடியாது.

இடக் கணக்குல ஒரு நல்ல சேதி இருக்கு. மீனோட அளவும் ஐஸோட அளவும் அப்படியே கூட்டிக்கக்கூடாது. நொறுக்கின ஐஸ்ல கால்வாசிக்குப் பக்கம் காத்துன்னேன்ல, மீன் அடுக்கு போட்டு மேல ஐஸ் போட்டா ஐஸ் மீன் சந்துக்குள்ள எறங்கும், போகப்போக உருகி கெட்டியாகி இன்னும் எறங்கும். போகும்போது கூரை முட்ட இருக்கிற ஐஸ், மீன் விழ விழ தானே இடம் விடும். அதனால அப்பா 45 போட்டது சரிதான், கடலுக்குப் போகும்போது ரூம் ஐஸாதான் நெறஞ்சிருக்கணும்.

முத்துநகர்_பையன்:
புரியுது அண்ணாச்சி. அப்ப உருகுற தண்ணிய வெளிய எடுக்க அடியில சம்ப் (தண்ணி வந்து தேங்குற குழி) விடுறோம், பம்பு எவ்வளவு இழுக்கணும்னு எப்படி போடுறது?

தெற்குச்_சீமை:
இதுக்குத்தான் எடைல யோசின்னு சொல்றது. 45 பார் 2250 கிலோ. அத்தனையும் உருகினா 2250 லிட்டர் தண்ணி, நொறுக்கினதா முழுசாங்கிற பேச்சே இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை பார் கரையுதுன்னு அப்பாவுக்கு தெரிஞ்சிருக்கும், அத 50ஆல பெருக்கு, லிட்டர் வந்துரும். 5 பார் கரைஞ்சா 250 லிட்டர், போட்டு அடித் தண்ணிய இறைக்கிற சின்ன பில்ஜ் பம்பே போதும். தண்ணிய தேங்க விடாத, அடி மீன் ஊறி வெளுத்துரும்.

கணக்குப்புலி:
உருகுன தண்ணிய எடுக்காமலே வச்சா போட்டு கனமாகுமா லேசாகுமா? ஐஸ் லேசு தண்ணி கனம்னா போட்டு இறங்கணுமே

தெற்குச்_சீமை:
அடேய் புலி. 50 கிலோ பார் உருகினா 50 கிலோ தண்ணி. போட்டு ஒரு இஞ்ச் கூட இறங்காது. கெட்டியா நின்னது தண்ணியாகி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடும், அதுதான் ஆபத்து. பம்பு போட்டு வெளிய தள்ளுனாத்தான் எடை குறையும்.

பௌதீக_வாத்தி:
புலியோட கேள்விக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருக்கு. டம்ளர்ல தண்ணி நெறைய, மேல ஐஸ் மிதக்குது, உருகினா வழியுமா? வழியாது. ஐஸ் தன் எடைக்குச் சமமான தண்ணியத்தான் விலக்கி நிக்குது, உருகினா அதே எடைத் தண்ணி ஆகி அதே இடத்துல அடங்கிருது. தண்ணிக்கு மேல தெரியுற 8 சொச்சம் சதவீதம்தான் உருகும்போது சுருங்குற பங்கு. ஆனா இதையே கடல் தண்ணில செஞ்சா மயிரிழை ஏறும், ஏன்னா கடல் தண்ணி லிட்டருக்கு சுமார் 1025 கிராம், ஐஸ் விலக்குற இடம் கம்மி, உருகி வர்ற நல்ல தண்ணிக்கு அத விட கொஞ்சம் ஜாஸ்தி இடம் வேணும்.

சென்னைவாசி_85:
ஐஸுன்னு பேசுறதால ஒரு தகவல் போட்டுட்டு போறேன். திருவல்லிக்கேணி கடற்கரைல விவேகானந்தர் இல்லம் இருக்குல்ல, அது 1842ல ஐஸ் வைக்கிறதுக்குன்னே கட்டுன கட்டடம், ஏரியா பேரே இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். அப்ப இங்க ஐஸ் செய்யுற மெஷின் கிடையாது, அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்து ஏரிகள்ல குளிர்காலத்துல கட்டி கட்டியா அறுத்து கப்பல்ல ஏத்தி அனுப்புவாங்க. பிரெடரிக் டியூடர்னு ஒரு வியாபாரி. இந்தியாவுக்கு அவரோட முதல் கப்பல் டஸ்கனி, 1833ல கல்கத்தாவுக்கு வந்துச்சு. கிளம்பும்போது சுமார் 180 டன், நாலு மாசம் கழிச்சு வந்து சேந்தது சுமார் 100 டன்.

நம்ம கணக்குல போட்டுப் பாத்தேன். 180 டன்னு ஐஸுக்கு 196 கன மீட்டர் இடம். வழில போன 80 டன்னு 80 ஆயிரம் லிட்டர் தண்ணி, 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரியில கிட்டத்தட்ட 7 லோடு. அத்தனையும் கப்பல் அடியில இருந்து கைப் பம்புல இறைச்சிருக்கணும். முழுக் கட்டியா நெருக்கி அடுக்குனதாலதான் அவ்வளவாவது மிஞ்சியிருக்கு, நம்ம மாதிரி நொறுக்கி கொட்டியிருந்தா வெளித்தோல் பரப்பு ஏறி பாதி வழிலயே கதை முடிஞ்சிருக்கும்.

முத்துநகர்_பையன்:
ஆமா இது நல்ல பாயின்ட்டு. அப்ப நாங்களும் முழுப் பாராவே அடுக்கிட்டு கடல்ல போயி நொறுக்கிக்கிட்டா? இடமும் மிச்சம், உருகுறதும் கம்மி, 55 பாராவது போகும்லா?

ஐஸ்_பிளாண்ட்_அண்ணாச்சி:
செய்றவங்க இருக்காங்க. பாதி முழுப் பார் அடியில அடுக்கி பாதி நொறுக்கி மேல போட்டுட்டுப் போவாங்க, உளியும் கட்டையும் வச்சு அங்க ஒடைச்சுக்குவாங்க. ஆனா ஆடுற போட்ல, வலை இழுத்து கை ஓஞ்சு போனவன் ராத்திரில பார் ஒடைக்கணும். அதுவும் கையால ஒடைச்சா பெரிய பெரிய துண்டா வரும், முனை கூர்மையா இருந்து மீன் தோல்ல குத்தும், மீனோட ஒட்டி உக்காராது. மீன் மேல அப்பி நிக்கிற ஐஸ்தான் சீக்கிரம் குளிர வைக்கும். ஆளுங்ககிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணு, உங்க அப்பாவும் நீயும் மட்டும் பேசி முடிக்காத.

பார் குறுகலா இருக்கிறதால ஒண்ண தலைகீழா ஒண்ண நேரா மாத்தி மாத்தி அடுக்கணும், அப்படி அடுக்கினாலும் சந்து விழும். 62 ஏட்டுல, 55 கைல வந்தா பெரிய விஷயம்.

சும்மா_வந்தேன்:
எனக்கும் ஒரு சந்தேகம் சார். ஏசி 1 டன்னு, ஒன்றரை டன்னுங்கிறானே, நம்ம வீட்டு ஏசி 40 கிலோ கூட இல்லையே

பௌதீக_வாத்தி:
சிரிக்காம கேட்டிருக்கீங்களான்னு தெரியல, ஆனா பதில் இந்த இழைக்குள்ளதான் இருக்கு. ஏசி டன்னுங்கிறது ஐஸ் டன்னு. ஐஸ் கட்டி வச்சு குளிர வச்ச காலத்துல இருந்து வந்தது. ஒரு அமெரிக்க டன்னு, அதாவது 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்துல உருகினா எவ்வளவு சூட்ட உறிஞ்சுமோ அவ்வளவு சூட்ட வெளிய தள்ளுற மெஷின் 1 டன்னு, சுமார் 3.5 கிலோவாட். நம்ம பார்ல சொன்னா ஒரு டன் ஏசி ஒரு நாள் முழுக்க ஓடுறது 18 பார் ஐஸ் ரூம்ல உருகுறதுக்குச் சமம்.

சும்மா_வந்தேன்:
கரண்டு பில்லுக்கு 18 பார் வாங்கி ஹால்ல வச்சா எது லாபம்னு வீட்ல கேக்குறாங்க

இல்லத்தரசி_இரா:
ஹால்ல 907 லிட்டர் தண்ணிய யாரு தொடைக்கிறது 😅

முத்துநகர்_பையன்:
மக்களே ரொம்ப நன்றி. இன்னைக்கு டேப் எடுத்துக்கிட்டு போயி நாங்க வழக்கமா வாங்குற எடத்துல நடுவுல வச்சு அளந்தேன். 37.5 × 18 × 74 வந்துச்சு. பெருக்கினா 49,950, கிட்டத்தட்ட 50 லிட்டர், 0.917 போட்டா 45.8 கிலோ. 50 கிலோன்னு காசு வாங்குறான். அவன்கிட்ட சொன்னா "50 லிட்டர் இருக்குல்ல, அப்ப 50 கிலோதான"ங்கிறான். மேஸ்திரி கணக்கு இங்கயும் வந்து நிக்குது! 45 பாருக்கு 2061 கிலோதான் வரும், 189 கிலோ அடி, கிட்டத்தட்ட நாலு பார்.

ஐஸ்_பிளாண்ட்_அண்ணாச்சி:
கேனோட உள்ளளவே 50 லிட்டர்னு செஞ்சு வச்சிருப்பான் போல. கேன மாத்தச் சொன்னா மாத்த மாட்டான், செலவு. நீ பார் கணக்க விட்டுட்டு கிலோ கணக்குக்கு வா. லாரிய காலியா ஒரு தடவ, லோடோட ஒரு தடவ எடை மேடைல ஏத்தி இறக்கு, சங்கத்துல பத்து போட்காரங்க சேந்து கேட்டா குடுத்துத்தான் ஆகணும். நொறுக்கினதுக்கு அப்புறம் அளந்து சண்டை போடாத, அப்ப அவன் காத்த காட்டி தப்பிச்சுக்குவான்.

தெற்குச்_சீமை:
எடை மேடைக் காசு யாரு குடுக்கிறதுன்னு முதல்ல பேசிக்கோ, அதுலயே பாதி லாபம் போயிரும். எங்க பக்கம் ரெண்டு பேரும் பாதி பாதி.

கணக்குப்புலி:
அப்ப ரூமுக்கு எத்தனை பார் ஆர்டர் குடுக்கப் போற?

முத்துநகர்_பையன்:
ரூம் 2270 கிலோ புடிக்கும், பார் 45.8 கிலோ. 49 பார் வருது. அப்பா 50ன்னு சொல்லச் சொல்லிட்டாரு, ஒண்ணு ஜெட்டிலயே கரைஞ்சுரும்ங்கிறாரு. எடை மேடைக்கு சங்கத்துல பேசிக்கிட்டு இருக்காங்க, இந்த சீசனுக்குள்ள நடக்குமான்னு தெரியல. பஃப் எத்தனை இஞ்ச் போடலாம்னு கேக்கணும், அத தனி இழையா போடுறேன்.